பயிரின் காலண்டரும் கல்லூரியின் காலண்டரும்

(கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் இயற்கை விவசாயப் பண்ணை தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். வாசல் பக்கம், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி என்றார்கள். அந்த இடம் வேண்டாம். வளாகத்திலேயே ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய நிலத்தை மாணவர்களிடம் கொடுங்கள்.

1967-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் வந்தார். மாணவர் தோட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது கல்லும் புதரும் மண்டிய ஒரு சரிவு. டிராக்டர் கிடையாது, கைக்கருவிகள்தான். ஆழமாகத் தோண்டி, மக்கிய உரம் கலந்து, மேட்டுப்பாத்தி எடுத்தார்கள். மாணவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். அந்தச் சரிவு இன்றும் அவர் பெயரில் தோட்டமாகவே இருக்கிறது. பின்னால் பெரிய பண்ணையும் வந்தது. நம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா, கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வானகம் என்ற பண்ணையை உருவாக்கியதும் வறண்டு கிடந்த நிலத்தில்தான். நல்ல மண்ணில் எது போட்டாலும் வரும். கெட்ட மண் தேறி வருவதைப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் மண் என்றால் என்னவென்று புரியும்.

சரி, அங்கே என்ன படிப்பார்கள்? ஒன்று மட்டும் சொல்கிறேன். தட்டைப்பயறு பூக்கிற நேரத்தில் ஒரு செடியை வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். மண்ணை மெல்ல அலசினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? அந்தக் கேள்வியோடு தாவரவியல் மாணவி நுண்ணுயிரியல் துறைக்குப் போவாள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம் அன்றைக்குத்தான் அவளுக்குச் சொந்தமாகும்.

வணிகவியல் பிள்ளைகளையும் இழுத்து வாருங்கள். இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கு, ஓராண்டுப் பயிர் என்றால், விதைப்புக்கு முன், ரசாயனம் தொடாமல் நிலத்தை நடத்துகிற 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. என்ன விதைத்தோம், எங்கே வாங்கினோம், என்ன தெளித்தோம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். முதலாம் ஆண்டில் அந்தப் பதிவேட்டைத் தொடங்குகிற மாணவன், இளங்கலை முடிப்பதற்குள் சான்றிதழோடு விற்கிற நிலைக்கு நிலத்தைக் கொண்டுவந்துவிட முடியும். இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், பல கல்லூரித் தோட்டங்கள் காய்ந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது: கோடை விடுமுறை. செமஸ்டர் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். சித்திரை வெயிலில் யார் தண்ணீர் விடுவது? கூலிக்கு ஆள் வைத்தால் பண்ணை பிழைக்கும், படிப்பு நின்றுபோகும். சாண்டா குரூஸில் பல ஆண்டுகள் நடந்த 6 மாத உறைவிடப் பயிற்சி ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடியும். விதைப்பும் அறுவடையும் எப்போது நடக்குமோ, பாடமும் அப்போதுதான். நாம் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், கோடையில் முறை வைத்துப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். விடுதியில் ஒரு சிறு குழுவைத் தங்க வைத்துச் சாப்பாடும் போடலாம். கோடை உழவையும், மடக்கி உழுது உரமாக்குகிற பசுந்தாள் பயிரின் விதைப்பையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கத்தரியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் நீங்கள் ஓடிப்போய் முடிவு சொல்லாதீர்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதா, பொறிவண்டு வந்து தின்னட்டும் என்று இரண்டு நாள் பொறுப்பதா என்பதை மாணவர்களே பேசித் தீர்மானிக்கட்டும். ஒரு பாத்தி போனாலும் போகட்டும். விளைகிற காயை விடுதிச் சமையலறையே விலை கொடுத்து வாங்கட்டும். இந்த ஆனியிலேயே நிலத்தை அளந்து கொடுத்துவிட்டால், ஆடிப்பட்டத்துக்கு விதை தேடுகிற வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.