ஒரு கையில் போன், ஒரு கையில் கிட்டார்

நண்பர்களே, ஹெவி மெட்டல் என்றாலே இரைச்சல்தானே என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் பாட்டு, அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகாவின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. 1991 ஆகஸ்டில் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தில் இருக்கிறது.

அது பிறந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பேண்டின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் காதலியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கை போனைப் பிடித்திருக்க, மற்ற கை அது பாட்டுக்குக் கிட்டாரை மீட்டுகிறது. தந்தியை அழுத்தக் கை இல்லை. அதனால் எல்லாமே ஓப்பன் ஸ்ட்ரிங், அதாவது விரலால் அழுத்தாத தந்தி. ஆறாவது தந்தி, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று, திரும்ப இரண்டு, மூன்று. கிட்டார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய் மீட்டிப் பாருங்கள். ஈ, ஜி, பி என்று மூன்றே ஸ்வரங்கள் வரும். மூன்றும் சேர்ந்தால் ஈ மைனர் கார்டு, சோகமாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு! சுருதி சேர்த்த எந்தக் கிட்டாரிலும் அந்தச் சோகம் தயாராகவே இருக்கிறது. பாட்டின் தாளம் ஆறு-எட்டு. ஆறு மீட்டலில் ஒரு சுற்று முடிகிறது.

இது தன் சொந்த விஷயம், பேண்டுக்கு ஆகாது என்றுதான் ஹெட்ஃபீல்ட் நினைத்தார். டிரம்மர் லார்ஸ் உல்ரிக் கேட்டதும் நிலைமை மாறியது.

மெட்டாலிகாவுக்கு இது முதல் பாலட், அதாவது மெதுவான உருக்கப் பாட்டு, இல்லை. 1984-லேயே 'ஃபேட் டு பிளாக்' வந்துவிட்டது. அது அமைதியாகத் தொடங்கிப் பின்பாதியில் வேகமெடுத்துப் பாயும். இங்கே வேகம் கூடுவதே இல்லை. ஆறரை நிமிடப் பாட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் கனத்தை அடக்கியே வைத்திருக்கிறார்கள். கடைசியில் கிட்டார் தனியாக முன்னுக்கு வரும் சோலோவில்தான் டிஸ்டார்ஷன், அந்தக் கரகரப்பான மெட்டல் ஒலி, முழுசாகத் திறக்கிறது. அந்த சோலோவை வாசித்ததும் ஹெட்ஃபீல்டேதான். லீட் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் இந்த ஸ்டுடியோ பதிவில் வாசிக்கவே இல்லை. சரியான முடிவு என்பேன். விரல் வேகத்தைக் காட்டும் இடமில்லை அது. பாடிய மனிதரே வார்த்தை போதாமல் கிட்டாரில் தொடர்கிறார்.

மெட்டல் மென்மையாகிவிட்டது என்று அன்று கோபப்பட்ட ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதுவரை உறுமிய குரல் இங்கே நிதானமாக, ஒளிவுமறைவில்லாமல் பாடுகிறது. கத்துவதைவிட அதற்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

தயாரிப்பாளர் பாப் ராக். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிக்கொடுத்தவர் மைக்கேல் கேமன். ஆல்பத்தில் அந்த வயலின்கள் பின்னால், மெல்லிசாகத்தான் கேட்கும். 1999-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மெட்டாலிகாவோடு சேர்ந்து வாசித்த சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைக் கேமனே நடத்தியபோது அவை முன்னுக்கு வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எனக்கு இன்றும் ஸ்டுடியோ பதிவுதான் ஒரு படி மேல். அதில் குரலுக்கு இடம் அதிகம்.