பிரிக்காமல் படித்த கடிதம்

அவையில் கூடியிருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நீல நிற இன்லேண்ட் லெட்டர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எழுதும் தாளே மடித்தால் உறையாகிவிடும். அவசரப்பட்டுக் கிழித்தால் ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி இரண்டு வரி போய்விடும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் காகித உறை பரவும்வரை கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயின. தாளை மடித்து, துளையிட்டு, அதே தாளில் நறுக்கிய வாரை அதன் வழியே கோத்து, மேலே அரக்கு வைப்பார்கள். வழியில் யாராவது பிரித்தால் வார் அறுந்துவிடும். மறுபடி ஒட்டி ஏமாற்ற முடியாது. 1587 பிப்ரவரி 8, தன் தலை வெட்டப்படவிருந்த நாளின் அதிகாலையில் ஸ்காட்லாந்து அரசி மேரி எழுதிய கடைசிக் கடிதமும் இப்படிப் பூட்டியதுதான்.

நான் பேச வந்தது ஒரு டிரங்குப் பெட்டியைப் பற்றி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் சிமோன் தெ பிரியென், மரீ ஜெர்மேன் என்ற தம்பதி தபால் பொறுப்பில் இருந்தார்கள். அப்போது தபால் கூலியைக் கொடுப்பவர் கடிதத்தைப் பெறுகிறவர். நம் ஊரில் பேரிங் லெட்டர் என்போமே, அதே ஏற்பாடு. ஆள் இறந்திருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படி நின்றுபோன கடிதங்களைப் பிரியென் தம்பதி வீசவில்லை. என்றைக்காவது ஒருவர் தேடி வந்தால் கூலி கிடைக்குமே என்று, உண்டியலில் காசு சேர்ப்பதுபோல் பெட்டியில் சேர்த்துவைத்தார்கள். 1926இல் அந்தப் பெட்டி அங்கிருந்த தபால் அருங்காட்சியகத்துக்கு வந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான கடிதங்கள். 577 கடிதங்கள் பிரிக்கப்படவே இல்லை.

சரி, பிரித்துப் படித்துவிட வேண்டியதுதானே? வரலாறு படித்தவருக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். பிரான்சில் 1685இல் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமை பறிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள், நெதர்லாந்துக்கும் நிறையப் பேர் வந்தார்கள். அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களின் கையெழுத்து இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஏற்கெனவே பிரிந்திருந்த ஒரு கடிதத்தில், ஹேக்கைவிட்டுப் பாரிஸ் போன ஓர் ஓபரா (இசை நாடக) பாடகி கர்ப்பமாக இருக்கிறாள், உதவி செய்யுங்கள் என்று அவள் தோழி ஒரு வணிகரிடம் கேட்கிறாள். அவர் கடிதத்தை வாங்கவே மறுத்துவிட்டார்.

வேண்டாம் என்று கையைப் பிடித்தவர்கள் காகிதம் செப்பனிடுவோர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகத்தின் ஜானா டாம்ப்ரோஜியோ 2000இல் வாத்திகன் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தபோது பழைய தாள்களில் சின்னச் சின்ன வெட்டுகளைக் கவனித்தார். பார்ப்பவர்கள் சேதம் என்று கடந்துபோகக்கூடியவை. அவருக்கு அவை பூட்டின் தடயங்களாகத் தெரிந்தன. எழுதியவர் எதை மறைக்க நினைத்தார், யாருக்குப் பயந்தார் என்பதை மடிப்பும் சொல்லும். ஒருமுறை வெட்டித் திறந்தால் அந்தச் சாட்சி போனது போனதுதான்.

அப்புறம்தான் பல் மருத்துவத் துறை வருகிறது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் பல்லின் தாதுச்செறிவை அளக்கவென்றே உருவாக்கிய மிக நுண்ணிய எக்ஸ்-ரே ஸ்கேனர் ஒன்று இருந்தது. அன்றைய மைக்கும் அதற்கும் நல்ல பொருத்தம். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். அன்னபேதி இரும்புச் சத்து கொண்டது. இரும்பு எக்ஸ்-ரேயைத் தடுப்பதால் எழுத்து மட்டும் தனியாகத் தெரிகிறது.

ஆனால் ஸ்கேனில் கிடைத்தது ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடந்த தாள் அடுக்குகள், எழுத்தின்மேல் எழுத்து. அவற்றைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்தவர்களில் காகித மடிப்பின் கணிதத்தை ஆராயும் எரிக் டெமைனும் உண்டு. மூலப் பிரதி படிக்கும் இலக்கிய ஆய்வாளர்களும், இசை வரலாற்றாளர் ரெபெக்கா ஆரென்டும் அதே குழுவில். 2021 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? துறைகள் கைகோக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். விண்ணப்பத்தில் நான்கு துறைத் தலைவர்களின் பெயரைச் சேர்ப்பதோடு பல இடங்களில் அது நின்றுவிடுகிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இங்கே ‘கிழிக்காமல் எப்படிப் படிப்பது’ என்ற ஒரே கேள்வி எல்லோரையும் இழுத்து வந்தது. ஸ்கேனர் வைத்திருந்தவருக்குப் பழைய பிரெஞ்சு படிக்க வராது, பிரெஞ்சு படித்தவருக்கு ஸ்கேனர் ஓட்டத் தெரியாது. ஒருவர் வாசலில் மற்றவர் போய் நின்றே ஆக வேண்டியிருந்தது.

அப்படிப் படித்த ஒரு கடிதத்தின் தேதி 1697 ஜூலை 31. பிரான்சின் லீல் நகரிலிருந்து ஜாக் செனாக் என்பவர், ஹேக்கில் வணிகம் செய்த தன் உறவினர் பியேர் ல பேர் என்பவருக்கு எழுதியது. டானியேல் ல பேர் என்பவர் 1695 டிசம்பரில் இறந்த பதிவின் சான்றிட்ட நகல் வேண்டுமாம். சில வாரம் முன்பே எழுதினேன், பதில் இல்லை, மறுபடி எழுதுகிறேன் என்கிறார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று எழுதச் சொல்கிறார். புழு அரித்த இடங்களில் சில சொற்கள் இல்லை. தாளின் நடுவே நீர்க்குறியாக ஒரு பறவை இருப்பதும் ஸ்கேனில் தெரிந்தது. கடிதம் இன்னும் மடித்தபடியே இருக்கிறது, அரக்கு உடையாமல்.