குவித்த வெயிலை லீற்றரில் அளப்போம்

வணக்கம் நேயர்களே.

பரவளைவுக் கண்ணாடித் தொட்டி என்பது, வெயிலை ஒரே கோட்டில் குவித்து, அந்தக் கோட்டில் கிடக்கும் குழாய்க்குள் ஓடும் நீரைச் சூடாக்கும் வளைந்த கண்ணாடி. ஒளி குவியும் அந்தக் குவியத்தில் ஒரு தடியைப் பிடித்தால் சில விநாடிகளில் புகையும். அதைக் கண்டவர் உடனே கேட்பது, "எத்தனை பாகை சூடு வரும்?" என்றுதான். நெல் அவிக்கவும் புழுக்கொடியலுக்குப் பனங்கிழங்கு அவிக்கவும் அந்தக் கேள்வி போதாது. மணிக்கு எத்தனை லீற்றர் நீர் எவ்வளவு சூடேறி வருகிறது என்று கேளுங்கள்.

அளக்க ஒரு வாளியும், கடிகாரமும், இரண்டு வெப்பமானிகளும் போதும். நண்பகல் வெயிலில், குழாயால் வரும் நீரின் சூடு ஏறி இறங்காமல் நிலைத்த பிறகு அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் எத்தனை பாகை வித்தியாசம்: இரண்டையும் பெருக்கி, மறுபடி 70ஆல் பெருக்கினால் வாற்றுக் கணக்கு வந்துவிடும். 2 லீற்றர் நீர் 30 பாகையில் போய் 50 பாகையில் வந்தால் 2800 வாற்று. கண்ணாடியின் வாய் 8 சதுர மீற்றர் என்றால், சதுர மீற்றருக்கு 350. நல்ல தொட்டிதான். ஆனாலும் 200 லீற்றர் பீப்பாயை 95 பாகைக்குக் கொண்டுவர இதே வேகத்தில் ஐந்தரை மணித்தியாலம் செல்லும். சூடு ஏற ஏற இழப்பும் ஏறுவதால் உண்மையில் அதற்கும் மேல். கொதித்த நீரை ஆவியாக்குவதற்கோ, கொதிக்க வைக்கச் செலவான வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே பாத்திரத்தை மூடியே வையுங்கள்.

விற்பனைத் தாள்களில் சதுர மீற்றருக்கு என்று வரும் ஆயிரம் வாற்று, நேர்வெயிலும் வானத்தில் சிதறிய ஒளியும் சேர்ந்த கணக்கு. குவிப்பான் நேர்வெயிலை மட்டுமே பிடிக்கும். உங்கள் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். அது மங்கிக் கிடந்தால், வியர்த்துக் கொட்டினாலும் குவியத்தில் சூடு வராது. கார்த்திகை மழைக்கு விறகடுப்பு ஆயத்தமாக இருக்கத்தான் வேண்டும்.

சூரியன் 4 நிமிடத்தில் ஒரு பாகை நகர்கிறது. குவியத் தூரம் ஒரு மீற்றர் என்றால் ஒளிக்கோடு 17 மில்லிமீற்றர் விலகும். 25 மில்லிமீற்றர் குழாயில் பெரும்பகுதி வெளியே விழுந்துவிடும். கருங்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை அடிக்கடி பார்த்துத் திருப்புங்கள்.

கண்ணாடியைக் கிணற்று நீரால் கழுவாதீர்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். செம்மண் தூசியை உலரத் துடைத்தால் கீறல் விழும். விடியற்காலையில் மழைநீர் ஊற்றி, பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். குழாய்க்குள்ளும் மழைநீரே சுற்றட்டும். பாத்திரத்தினுள் ஒரு சுருள் குழாய் வைத்து அதன் வழியே சூட்டைக் கொடுங்கள். கிணற்று நீரை நேரே விட்டால் உள்ளே சுண்ணாம்பு கட்டி, வெப்பம் நீருக்குச் சேராது.

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூடாத கருங்குழாயின் சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும். கண்ணாடி உறை அவசியம். வேலை முடிந்தால் தொட்டியைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள்.

குழாய்க்குள் நீரைச் சுற்றும் பம்பு நின்றால் உடனே கண்ணாடியைச் சூரியனிலிருந்து திருப்புங்கள், அல்லது படங்குத் துணியால் மூடுங்கள். வறண்டு காய்ந்த குழாய்க்குள் குளிர்நீர் விட்டால் அது கணத்தில் ஆவியாகிச் சீறும். குழாய் ஆறும் வரை பொறுங்கள். அழுத்தம் விடும் வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் மூடித் திறக்கும் எந்தத் திருகும் பொருத்த வேண்டாம்.