கதைக்குக் கால் இல்லை, மேசைக்கு உண்டு

(காங்கயம் வட்டாரத்தில் ஒரு கிளை நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி, பந்தலுக்குக் காசே வேண்டாம்னு சொன்ன பந்தல்காரர் அவர்களே, பொழுதோட பால் கறந்து ஊத்திட்டு ஓடி வந்திருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. யார் பேராவது விட்டுப்போயிருந்தா பொறுத்துக்கோணும். போன வருசம் ஒருத்தரை விட்டுட்டேன். மூணு மாசம் டீக்கடையில எனக்கு முதுகைக் காட்டியே உக்காந்திருந்தாரு.

இன்னிக்கு மேசையைச் சுத்தி உக்காந்து ஆடுற ஒரு கதை விளையாட்டைப் பத்திப் பேசறேன். 'ரோல்பிளேயிங் கேம்'னு பசங்க சொல்றாங்க. மூணு சேதி: அது என்ன, பகடை எதுக்கு, பிள்ளைகளுக்கு என்ன லாபம்.

"கதைக்குக் கால் இல்லை"ன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. காலில்லாததை நாமதான் தூக்கிட்டு நடக்கோணும். நம்ம பக்கம் உடுக்கையடிச்சு, பொன்னர் சங்கர்ங்கிற அண்ணன்மார் கதை பாடறதை ராத்திரி ராத்திரியாக் கேட்டவங்க இங்க இருக்கீங்க. படுகளத்துல சங்கர் விழறப்போ கண்ணுல தண்ணி வரும். ஆனா எந்திரிச்சு நின்னு, "அந்தப் பக்கம் போகாதே சாமி"ன்னு கதையைத் திருப்ப முடியுமுங்களா? இந்த விளையாட்டுல முடியும். ஒருத்தர் கதையை நடத்துவாரு. இடம், எதிரி, மழை, வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. மத்த மூணு நாலு பேர் ஆளுக்கொரு பாத்திரம். "இப்ப என்ன பண்றீங்க?"ன்னு அவர் கேக்க, நாம வாயால சொல்றோம். கடைசியில ஜெயிச்சவன், தோத்தவன்னு கணக்கு இல்லை.

1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு இந்த மாதிரி விளையாட்டு ஒண்ணைப் பெட்டியில போட்டு வித்தாங்க. உள்ளே மூணு சின்னப் புத்தகம். முதல்ல அடிச்சது 1000 பெட்டிதான். அவங்க அதுவரைக்கும் பொம்மைச் சிப்பாய்களை வெச்சுப் படையாட்டம் ஆடிக்கிட்டிருந்தவங்க. படையை விட்டுட்டு ஒத்தை ஆளா இறங்கினா எப்படின்னு பார்த்ததுல வந்தது இது.

பகடைக்கு வர்றேன். நம்ம தாயக்கட்டைக்கு நாலு பக்கம். அவங்க 4, 6, 8, 10, 12, 20 பக்கம்னு விதவிதமா வெச்சிருக்காங்க. 20 பக்கத்துக் கட்டை சின்ன நெல்லிக்காயாட்ட இருக்கும், கையில நிக்காம ஓடும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் இருக்கிற காரியத்துக்கு மட்டும்தான் உருட்டறது. சோறு திங்கறதுக்கு உருட்ட வேண்டியதில்லீங்க.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு எங்க பேரன் அந்தக் கட்டைகளைக் கொண்டாந்தான். பட்டிப் பொங்கல் முடிஞ்சு திண்ணையில உக்காந்தோம். என்ற வீட்டம்மா எடுத்த எடுப்புல, "நான் திருடி"ன்னுட்டாங்க. நாப்பது வருசம் குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியாத ஆசைங்க! என்ற மச்சான் மாட்டுத் தரகர். எந்தப் பாத்திரம் வேணும்னா, "நான் நானாவே வர்றேன்"ன்னாரு.

பேரன் ஆரம்பிச்சான். ராத்திரி, இட்டேரி, ரெண்டு பக்கமும் கிளுவ வேலி. பாதையை மறிச்சு ஒரு பூதம். "அப்புச்சி, என்ன பண்றீங்க?" நான் கத்தியை உருவறேன்னேன். வீட்டம்மா வேலிக்குள்ள பூந்துட்டாங்க. மச்சான் ஒண்ணும் பேசலை. தோள்ல கிடந்த துண்டை உருவி, பேரன் கை மேல போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சுட்டாரு. சந்தையில விலை பேசறாப்புல! பையன் முழிக்கறான். "டேய், நீதானே பூதம்? வழிவிட என்ன கேக்கற? சொல்லு, அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்."

பையன் சமாளிச்சுட்டான். "15-க்கு மேல விழுந்தா பூதம் சம்மதிக்கும், உருட்டுங்க." உருட்டினாரு. மூணு. தோத்தாக் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பையன் சொல்றான்: "பூதம் வழி விடுது. ஆனா துண்டை எடுத்துக்குது." மச்சான் துண்டை மடிச்சு அவன் மடியில வெச்சாரு. அன்னிக்கு ராத்திரி பனியில சும்மாவே உக்காந்திருந்தாரு. போத்திக்கங்கன்னா, "அது பூதத்துகிட்ட இருக்குது"ங்கறாரு!

மூணாவது சேதி, பிள்ளைகளுக்கு லாபம். தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கறாங்க. அதை இன்னொரு கூட்டத்துல விரிவாப் பேசறேன். இப்ப நான் வந்த வேலையைச் சொல்லிடறேன்.

நம்ம சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்டது. வீட்டு வரி கட்டறப்போ ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டறோம். ஆனா பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பசங்க இங்க வர்ற நேரத்துக்குக் கதவுல பூட்டு. நூலகர் தம்பியைக் குறை சொல்லலீங்க, அவருக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை. உள்ளே இருக்கிற ஒரே பெரிய மேசைக்கு மூணு கால். நாலாவதுக்கு ரெண்டு செங்கல்லும், அதுக்கு மேல ஒரு பழைய வாரப் பத்திரிகைக் கட்டும். 20 பக்கக் கட்டையை அதுல உருட்டினா நேரா வாசல்ல போய்த்தான் நிக்கும்.

கதைக்குக் கால் இல்லை, சரி. மேசைக்கு நாலு வேணுமில்லீங்களா? நல்ல மேசை ஒண்ணு, ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்த கதவு, ஒரு உதவியாளர். இதைக் கேட்டு மேலே ரெண்டு தடவை எழுதிப் போட்டாச்சு, பதிலில்லை. மூணாவது மனு இதோ கையில இருக்குது. முதல் கையெழுத்தைத் தலைவர் அம்மா போடோணும். அடுத்தது பின்வரிசையில துண்டோட உக்காந்திருக்கிற என்ற மச்சான். பேனா நூலகர் தம்பிகிட்ட இருக்குது, வரிசையா வாங்க.