தொட்டி நீரும் கட்சிக் கொடியும்

பெரியோர்களே, தாய்மார்களே, கட்சி பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தருமபுரி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவன் நான். வகுப்பில் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கும்போதே சிலருடைய கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொள்ளும். பல்லில் ஏறிய பழுப்புக் கறையை மறைக்கும் கை அது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற தாது அளவு மீறினால் பல்லில் படிகிற கறை அது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் அது தாண்டியே இருந்தது. என் வகுப்பில் எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கறை எல்லார் பல்லிலும் இருந்தது.

எதிரெதிர்க் கொள்கை உடையவர்கள் சேர்ந்து நிற்க ஓர் இடம் உண்டா என்பது இன்று எனக்குத் தந்த தலைப்பு. உண்டு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த இடத்தை நாம் இரண்டு கொள்கைகளுக்கும் நடுவே தேடுகிறோம். ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தால் ஒற்றுமை வந்துவிடும் என்று எண்ணுகிறோம். கொள்கையை உயிராக மதிக்கிறவர் எவரும் அதில் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டார். விட்டுக்கொடுக்கச் சொல்வதும் முறையன்று. இரு தரப்புக்கும் தவிர்க்க முடியாத ஒரு தேவை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அந்த இடம் இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அதற்கு அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, வேலை தடைப்பட்டு மீண்டும் தொடங்கியது, ஜப்பானியக் கடனுதவியோடு வளர்ந்தது, ஆட்சி மாறியது. 2013 மே மாதத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். இது யாருடைய திட்டம் என்று மேடைதோறும் வாதம் நடந்தது, நடக்கட்டும். ஒருவர் தொடங்கியதை அவருக்கு நேர் எதிரானவர் குப்பையில் போடாமல் முடித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் தாகத்துக்கு முன்னால் எந்த ஆட்சியாலும் அதைக் கைவிட முடியவில்லை.

அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் 1954 கோடையில் முசாஃபர் ஷெரிப் என்ற உளவியல் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரண்டு அணியாகப் பிரித்து முகாமில் தங்கவைத்துப் போட்டிகள் நடத்தினார். சில நாள்களுக்குள் ஓர் அணியின் கொடியை மற்றோர் அணி எரித்தது. சரி, கூட்டிவைத்துப் பேசவிடலாம் என்று ஒரே கூடத்தில் உட்காரவைத்தால், சோற்றை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீரை ஆய்வாளர்களே அடைத்துவிட்டார்கள். தாகம் எடுத்ததும் இரண்டு அணியும் சேர்ந்து குழாயையும் தொட்டியையும் சோதித்து அடைப்பைக் கண்டுபிடித்தன. ஒரே நாளில் பகை தீர்ந்துவிடவில்லை. இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகே தணிந்தது. அருகில் உட்காரவைத்தால் மட்டும் போதாது என்பதை அந்த ஆய்வு காட்டியது. சமாதானக் கூட்டங்களில் தேநீர் குடித்துக் கலைகிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

கருத்து வேறுபாட்டைக் கண்டு நான் அஞ்சவில்லை; அது இல்லாத நாட்டில் தேர்தல் எதற்கு? என் அச்சமெல்லாம் வேறுபாடு வெறுப்பாக மாறுவதைப் பற்றியது. தங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணம் செய்தால் வருந்துவோம் என்று அமெரிக்காவில் 1960-இல் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். 2010-இல் ஒரு கட்சியில் ஏறத்தாழப் பாதிப் பேரும் மறு கட்சியில் மூன்றில் ஒரு பங்கினரும் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்காவரை போவானேன்? 2000 பிப்ரவரி 2 அன்று, இதே தருமபுரியின் இலக்கியம்பட்டியில், தங்கள் தலைவருக்கு எதிராக வந்த தீர்ப்பைக் கண்டித்துத் தெருவில் இறங்கியவர்கள், கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் அதற்குள்ளேயே எரிந்து போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் என்ன தொடர்பு? அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் என் மனம் இன்றும் கனக்கிறது.

எதிர்ப்பை முழுமையாக நடத்திக்கொண்டே வெறுக்காமல் இருக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் ஈரோட்டுப் பெரியாரும் சாட்சி. 1937-இல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி இந்தியைக் கட்டாயமாக்கினார். பெரியார் போராடி, ராஜாஜி ஆட்சியிலேயே சிறை சென்றார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். 1967 தேர்தலிலும் இருவரும் எதிரெதிர் அணியில்தான் நின்றார்கள். கடவுள், சாதி, மொழி என்று எதிலும் ஒருவருக்காக மற்றவர் இறங்கி வரவில்லை. ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பவருக்கும், அந்தக் குவளை நீட்டப்படுபவருக்கும் நடுவில் பொதுவான இடம் தேடச் சொல்பவன் அல்லன் நான். அங்கே குவளையை எடுத்தாக வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். ஒருவருடைய மானத்தைப் பேரம் பேசி வாங்கும் அமைதியை ஒற்றுமை என்று நான் ஒருபோதும் அழைக்க மாட்டேன்.

எங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால், எதிரெதிர்க் கட்சிக் கிளைச் செயலாளர்கள் இருவரும் ஒரே விடையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியை இருவரும் சேர்ந்து கேட்பதற்கு இடமும் இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழகத்தின் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். கரைவேட்டி கட்டி வருவதானாலும் வாருங்கள். ஆனால் உங்களுக்கு வாக்களிக்காதவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தொட்டி நீரைச் சோதித்த அறிக்கையை இருவருமாகக் கேட்டு வாங்கி, ஃப்ளோரைடு அளவைச் சபையில் உரக்கப் படியுங்கள். நானும் அன்று வருவேன். வணக்கம்.