பான்கேக்கா வாஃபிளா? லீவு நாளைக்கு ஒண்ணு, ஸ்கூல் நாளைக்கு ஒண்ணு

வணக்கம் மக்களே! இன்னிக்கு வீடியோ முழுக்க கிச்சன்லதான். பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அதை நிறுத்தினா ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பிச்சிடும். அமெரிக்கால அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காலைல வீட்லயே செய்யறதுன்னா, கல்லுல ஊத்தற மெதுமெது பான்கேக்கா, மெஷின்ல கட்டம் கட்டமா வர்ற வாஃபிளா? பொதுவா எல்லாரும் பான்கேக் அவசரத்துக்கு, வாஃபிள் லீவு நாளைக்குன்னு சொல்வாங்க. நான் அப்படியே மாத்திச் சொல்றேன். லீவு நாளைக்கு பான்கேக், ஸ்கூல் ஆபீஸ் இருக்கிற நாளைக்கு வாஃபிள். ஏன்னு சொல்றேன், ஆனா முதல்ல மாவுப் பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு, அதை முடிச்சிடலாம்.

கடைல வாங்கற மிக்ஸ் டப்பாவை எடுத்துப் பாருங்க. 'பான்கேக் அண்ட் வாஃபிள் மிக்ஸ்'னு ரெண்டையும் சேத்தே போட்டிருப்பாங்க. பாதிப் பேருக்கு வாஃபிள் பிடிக்காமப் போனதுக்கு அந்த டப்பாதான் காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரே மாவை ரெண்டுக்கும் ஊத்தினா வர்றது வாஃபிள் இல்லங்க, கட்டம் போட்ட பான்கேக். தட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்துல துவண்டு போயிடும்.

பான்கேக் மாவு ரொம்ப சிம்பிள். ரெண்டு கப் மைதா, ரெண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அதுல ரெண்டு கப் பட்டர்மில்க், ரெண்டு முட்டை, நாலு டேபிள்ஸ்பூன் உருக்கின வெண்ணெய். இங்க பட்டர்மில்க்னு விக்கிறது கெட்டியா, புளிப்பா இருக்கும். அது கிடைக்கலன்னா தயிர்ல பால் விட்டுத் தளர்த்திக்கோங்க, வேலை நடந்துடும். அந்தப் புளிப்பும் சோடா உப்பும் சேரும்போது வர்ற கேஸ்தான் பான்கேக்கைத் தூக்கி நிறுத்துது.

இன்னொண்ணு, மாவைக் கலக்கிக்கிட்டே இருக்காதீங்க. கட்டி கட்டியா இருந்தா இருக்கட்டும். நல்லாக் கலக்கக் கலக்க மைதாவுல க்ளூட்டன் இழுபட்டு, பான்கேக் ரப்பர் மாதிரி ஆயிடும். கையைக் கட்டிக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் விட்டீங்கன்னா கட்டியெல்லாம் தானா ஊறி அடங்கிடும். கல்லு மிதமான சூட்ல இருக்கணும். மேல முட்டை முட்டையா குமிழ் வந்து, உடைஞ்ச ஓட்டை மூடாம அப்படியே நிக்கும் பாருங்க, அப்பத்தான் திருப்பணும். திருப்பினப்புறம் கரண்டியால அமுக்காதீங்க, தயவுசெஞ்சு. உள்ள இருக்கிற காத்தெல்லாம் போயிடும். அப்புறம் முதல் பான்கேக் எப்பவும் கோணல் மாணலாத்தான் வரும், முதல் தோசை கல்லுக்குன்னு விடற மாதிரி அதைச் சமைக்கிறவங்களே சாப்பிட்டுடலாம்.

இப்போ வாஃபிள். இதுல வெண்ணெய் டபுள். அதே ரெண்டு கப் மைதாவுக்கு ஒரு முழு ஸ்டிக் வெண்ணெய், 113 கிராம். கேக்கவே பயமா இருக்கா? இருக்கட்டும். வாஃபிளோட மொறுமொறுப்பே அந்தக் கொழுப்புல இருந்துதான் வருது. சூடான ரெண்டு தகட்டுக்கு நடுவுல மாவோட மேல்பக்கம் கிட்டத்தட்ட பொரியுது. கூடவே கால் கப் கார்ன்ஃப்ளார் சேருங்க, பட்டர்மில்க்கை லேசாக் குறைச்சுக்கோங்க. முட்டைல மஞ்சக்கரு மாவுல போகும். வெள்ளைக்கருவைத் தனியா நுரை பொங்க அடிச்சு, கடைசியா மெதுவா மடிச்சு மடிச்சுச் சேக்கணும். பாத்திரம் ஒண்ணு கூடத்தான் கழுவணும், ஒத்துக்கறேன்.

கொழுப்பு இல்லன்னா ஒட்டும், அதுவும் இருக்கு. இதுக்கு ஒரு நல்ல கதை உண்டு. நைக்கி கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பில் பௌவர்மேன், ஓரிகன் யூனிவர்சிட்டில ஓட்டப் பயிற்சியாளர். 1970கள் ஆரம்பத்துல, ஷூவுக்கு நல்ல பிடிப்பு வேணும்னு அவர் வீட்டு வாஃபிள் மெஷின்ல யுரேத்தேன்ங்கிற ரப்பர் மாதிரிப் பொருளை ஊத்திட்டார். ஒட்டாம இருக்கத் தடவ வேண்டியதைத் தடவல, மெஷின் அப்படியே மூடிக்கிச்சு. ஆனா அந்த ஐடியால இருந்துதான் 1974ல வாஃபிள் சோல் போட்ட ஷூ கடைக்கு வந்துச்சு. மெஷின் போனாலும் கம்பெனி பொழைச்சிடுச்சு!

வாஃபிள் வேகும்போது மூடியைத் தூக்கித் தூக்கிப் பாக்கக் கூடாது. பாதி வெந்ததைத் தூக்கினா நடுவுல கிழிஞ்சு, மேல பாதி கீழ பாதியா ஒட்டிக்கும். வெந்துடுச்சுன்னு மெஷின்ல எரியற பச்சை லைட்டையும் ரொம்ப நம்பாதீங்க, ஆவியைப் பாருங்க. புஸ்ஸுனு வர்ற ஆவி நல்லாக் குறைஞ்சதும் எடுக்கலாம். எடுத்து தட்டுல வைக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கவே அடுக்காதீங்க. கம்பி ஸ்டாண்டுல வைங்க. அடியில காத்து போகலன்னா அதோட ஆவியே அதை நனைச்சிடும்.

நாங்க இருக்கிறது நியூயார்க் ஸ்டேட்ல, ஆல்பனி பக்கம். ஆத்தைத் தாண்டினா ட்ராய்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட்ங்கிறவர்தான் 1869 ஆகஸ்ட் 24ல வாஃபிள் சுடற இரும்பு அச்சுக்கு பேட்டண்ட் வாங்கினார். அடுப்பு மேல வைச்சு, கை சுட்டுக்காமத் திருப்பற மாதிரி ஒரு அமைப்பு. அதனாலதான் இங்க ஆகஸ்ட் 24 வாஃபிள் தினம். பெல்ஜியம்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே வாஃபிள் உண்டு, அது தனி உலகம். பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைச்சது, லீஜ் வாஃபிள் சர்க்கரைக் கட்டி பதிச்ச மாவு உருண்டை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சில ஸ்ட்ராபெரியும் க்ரீமும் போட்டு வித்தப்புறம்தான் அமெரிக்கா முழுக்க 'பெல்ஜியன் வாஃபிள்' பைத்தியம் பிடிச்சுது.

ஆனா வாஃபிளுக்கு ஊர்ல பெருமை இருந்தாலும், கூட்டம் கூடினா இங்க எல்லாரும் பான்கேக்தான் போடறாங்க. தீயணைப்பு நிலையத்துல நிதி திரட்டறாங்களா, பான்கேக் பிரேக்ஃபாஸ்ட். மார்ச் மாசம் மேப்பிள் வீக்கெண்ட்ல மேப்பிள் மரச்சாறுல சிரப்பு காய்ச்சற பண்ணைகளைத் திறந்து விடறாங்களா, அங்கயும் பான்கேக். காரணம் ரொம்ப சாதாரணம். பெரிய கல்லுல ஒரே நேரத்துல ஒரு வரிசையே ஊத்தலாம். வாஃபிள் மெஷின்ல ஒவ்வொண்ணாத்தான் வரும். வீட்ல நாலு பேர் இருந்தா, முதல் ஆள் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் கடைசி ஆளுக்குக் கிடைக்கும். சமைக்கிறவங்க உக்காரவே முடியாது. லீவு நாள்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னா பான்கேக்தான், என் தீர்ப்பு அதுதான்.

ரெண்டுக்கும் மேல ஊத்தற மேப்பிள் சிரப்பு பத்தி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்சணும். அதான் அந்த விலை. 'பான்கேக் சிரப்'னு மலிவா இருக்கிறது பெரும்பாலும் கார்ன் சிரப்புல வாசனை சேத்தது. பான்கேக் சிரப்பை உறிஞ்சிடும், எவ்வளவு ஊத்தினாலும் போதாது. வாஃபிள்ல கட்டத்துக்குள்ள தேங்கி நிக்கும், கம்மியா ஊத்தினாலே போதும். மாசக் கடைசில இது பெரிய விஷயம்!

இப்போ ஸ்கூல் நாளைக்கு ஏன் வாஃபிள்? ஃப்ரீஸர்தான். பான்கேக்கை ஃப்ரீஸ் பண்ணி மைக்ரோவேவ்ல வைச்சா ஒண்ணு ஈரமா இருக்கும், இல்ல இழுவையா இருக்கும். டோஸ்டர்ல போட்டாலும் பழைய மெதுமெதுப்பு வராது. வாஃபிள்ல கொழுப்பு ஜாஸ்தி, கட்டத்துச் சுவரெல்லாம் மெலிசு, அதனால டோஸ்டர் சூட்ல திரும்பவும் மொறுமொறுன்னு வந்துடும். இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. கலிஃபோர்னியால சான் ஹோசேல இருந்த டோர்சா சகோதரர்கள் 1953லயே ஃப்ரோஸன் வாஃபிள் விக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதான் இன்னிக்கு கடைல கிடைக்கிற எக்கோ (Eggo) பிராண்ட் வாஃபிள்.

நம்ம அதை வீட்லயே பண்றோம், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், யாரும் தட்டோட காத்துக்கிட்டு நிக்காத நேரத்துல, பாட்டு போட்டுட்டு ஒவ்வொண்ணா சுடுங்க. ரொம்ப சிவக்க விடாதீங்க, டோஸ்டர்ல இன்னும் சிவக்கும். கம்பி மேல முழுசா ஆறட்டும். ட்ரேல தனித்தனியா பரப்பி ஃப்ரீஸர்ல வைங்க, கல்லு மாதிரி ஆனதும் ஜிப்லாக் கவர்ல போட்டு காத்தை எடுத்துட்டு மூடுங்க. காலைல ஐஸ் இறங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நேரா டோஸ்டர்ல போடுங்க. பையன் ஷூ மாட்டறதுக்குள்ள ரெடி.

முட்டை இல்லாம வாஃபிள் மொறுமொறுன்னு வருமான்னு அடுத்த வீடியோல செஞ்சு காட்டறேன். வரட்டுமா, பை!