68 முறை விழுந்த பையன்

(2025 ஆகஸ்டில், சிகாகோ புறநகர் ஒன்றில் தமிழ் நண்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம், ஏதாவது பயனுள்ள விஷயமாகப் பேசுங்கள்" என்றார்கள். சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பதினைந்து நிமிஷம்" என்றார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2006இல். அந்த சீசனில்தான் பேர்ஸ் சூப்பர் பவுல் என்ற லீக் இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டத்தின் முதல் உதையையே வாங்கிக்கொண்டு டெவின் ஹெஸ்டர் மறுகோடி வரை ஓடி டச்டவுன் போட்டார். கடைசியில் கோல்ட்ஸ் அணியிடம் 29-17 என்று தோற்றோம். தோற்றாலும், பரவாயில்லை, நல்ல அணி இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அடுத்த சூப்பர் பவுல் வரவில்லை. முதல் நாள் போட்ட விருந்தை நம்பி வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் கதைதான் என்னுடையது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஆட்டம் பழக்கமில்லை என்று தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடும் 11 பேர்தான் அஃபென்ஸ். நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்கு வீசுவது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். போஸ்டரில் அவர் முகம்தான் இருக்கும். அவருக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள்: ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள். ஆளுக்கு 300 பவுண்டுக்குக் குறையாது. எதிரணிக்காரன் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் இரண்டரை, மூன்று நொடி தடுத்து நிறுத்துவது அவர்கள் வேலை. அந்த மூன்று நொடி கிடைக்காமல், பந்தோடு குவார்ட்டர்பேக் தரையில் சாய்க்கப்பட்டால் அதற்குப் பெயர் சாக். பேர்ஸ் அணியில் சாக்குக்கும் பஞ்சமில்லை, சாக்குப்போக்குக்கும் பஞ்சமில்லை.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது தடுத்து ஆடும் 11 பேர் டிஃபென்ஸ். இது டிஃபென்ஸ் ஊர். பட்கஸ், சிங்கிள்டரி, அர்லாக்கர் என்று இங்கே சொல்லிக்கொள்ளும் பெயர்களில் பலவும் அந்தப் பக்கத்துப் பெயர்கள். 1985 சாம்பியன் அணியையும் டிஃபென்ஸுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். வால்டர் பேட்டன் அஃபென்ஸில் ஆடியவர்தான், ஆனால் அவர் பந்தோடு ஓடுபவர். வீசுவதில் நம் லட்சணம் என்ன? 1920இல் தொடங்கிய அணி, இன்றுவரை ஒரு குவார்ட்டர்பேக்கும் ஒரே சீசனில் 4,000 கெஜம் வீசியதில்லை. லீகின் 32 அணிகளில் இந்தப் பெருமை நமக்கு மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், குவார்ட்டர்பேக்கை இன்றைய ராஜாவாக்கியதில் இந்த அணிக்கே பெரிய பங்கு உண்டு. அணியை உருவாக்கிப் பயிற்சியும் கொடுத்த ஜார்ஜ் ஹாலஸ், சென்டரின் முதுகுக்குப் பின்னாலேயே சிட் லக்மனை நிறுத்தி, டி ஃபார்மேஷனில் ஆடவைத்து, 1940 இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 73-0 என்று அடித்தார். எழுத்துப் பிழை இல்லை, எழுபத்து மூன்றுக்குப் பூஜ்யம். லக்மன் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேடிய லட்சணத்தைப் பாருங்கள். கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைமுறையில் ஒவ்வொருவராக எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2017 டிராஃப்ட்டில் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற, கையிலிருந்த மற்ற வாய்ப்புகளை அள்ளிக் கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தோம். அதே டிராஃப்ட்டில் பத்தாவதாகப் போனவர், இன்று கான்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ். இதைப் பற்றி மேலே பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

2021இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அவர் முதல்முதலாகத் தொடக்கத்திலிருந்து ஆடியது கிளீவ்லாண்டில். ஒன்பது சாக். வீசியதில் கிடைத்த தூரத்திலிருந்து சாக்கில் இழந்த தூரத்தைக் கழித்தால், அன்று முழு ஆட்டத்துக்கும் நம் கணக்கு ஒரு கெஜம். நான் இந்த மேடையிலிருந்து மைக் வரை நடந்த தூரம் அதைவிட அதிகம்.

2024இல் கேலப் வில்லியம்ஸ். டிராஃப்ட்டில் முதல் ஆள், 22 வயதுப் பையன். 17 ஆட்டத்தில் 68 முறை சாய்த்தார்கள், ஆட்டத்துக்கு நாலு முறை. நவம்பரில் நியூ இங்கிலாந்து அணி இங்கே வந்து 19-3 என்று ஜெயித்த அன்று ஒன்பது சாக். நான் மைதானத்தில் இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார், ஏழாவதோடு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். இரண்டு நாளில் அஃபென்ஸ் பயிற்சியாளர் வால்ட்ரனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் தலைமைப் பயிற்சியாளர் எபர்ஃப்ளஸுக்கும். தொடர்ந்து பத்து தோல்வி, மொத்தம் 5 வெற்றி, 12 தோல்வி.

இந்த மூன்று பையன்களையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். ட்ருபிஸ்கியை எடுத்தபோது பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ், அடுத்த வருஷம் மேட் நேகி. ஃபீல்ட்ஸை எடுத்தபோது நேகி, அடுத்த வருஷம் எபர்ஃப்ளஸ். வில்லியம்ஸை எடுத்தபோது எபர்ஃப்ளஸ், இந்த வருஷம் பென் ஜான்சன். மூன்று முறையும், வேலை எப்போது போகும் என்று பயந்துகொண்டிருந்த பயிற்சியாளரிடம் பையனை ஒப்படைத்து, ஒரே வருஷத்தில் வாத்தியாரை மாற்றியிருக்கிறோம். புது வாத்தியார் என்றால் புதுப் பாடப்புத்தகம். பையன் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குவான். அப்புறம், "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமே சொல்வோம்.

2024 வரை நம் அணியின் சீசன் ரெக்கார்டு எரிக் கிரேமர் 1995இல் வீசிய 3,838 கெஜம். அந்த சீசன் முழுக்க அவர் வாங்கிய சாக் எத்தனை தெரியுமா? 15. கிரேமரை யாரும் பெரிய மேதை என்று சொன்னதில்லை. முன்னால் சுவர் இருந்தது, சித்திரம் வரைந்தார், அவ்வளவுதான். டேவிட் கார் என்று ஒருவர், 2002 டிராஃப்ட்டில் முதல் ஆள், ஹியூஸ்டனில் அந்த ஒரே வருஷத்தில் 76 சாக். எதிர்பார்த்த உயரத்துக்கு அவர் வரவே இல்லை. கேலப் வில்லியம்ஸ் கிரேமர் வழியில் போவாரா, கார் வழியில் போவாரா என்பதுதான் என் கவலை.

இப்போது வாய் கூசுகிற ஒரு காரியம் செய்யப்போகிறேன், நம் பரம வைரி அணியான டெட்ராய்டைப் புகழப்போகிறேன். 2008இல் 16 ஆட்டத்திலும் தோற்ற அணி அது. 2021இல் அவர்கள் தங்கள் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்து, அங்கே வேண்டாம் என்று தள்ளிய ஜாரெட் காஃபை வாங்கினார்கள். காஃபோடு வந்தது வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகள். போன வேகத்தில் ஸ்டாஃபோர்ட் சூப்பர் பவுல் ஜெயித்தார். இங்கே டெட்ராய்டுக்கு 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வருஷ டிராஃப்ட்டில் ஏழாவது ஆளாக அவர்கள் எடுத்தது பெனை சூவெல் என்ற டேக்கிளை. சென்டரில் ரேக்னவ், இடது பக்கம் டெக்கர் ஏற்கெனவே இருந்தார்கள். சுவரைக் கட்டி முடித்து, பின்னால் அதே பழைய காஃபை நிறுத்தினார்கள். 2022இல் அஃபென்ஸ் பொறுப்பை, அதுவரை டைட் எண்ட் ஆட்டக்காரர்களை (தடுக்கவும் செய்வார்கள், பந்தும் பிடிப்பார்கள்) கவனித்துக்கொண்டிருந்த பென் ஜான்சனிடம் கொடுத்தார்கள்.

ஜான்சனின் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது அவருடைய ஏமாற்று வேலை. பந்தை ஓடுபவர் கையில் கொடுப்பதுபோல் காட்டி வீசுவதைப் பிளே ஆக்‌ஷன் என்பார்கள், எல்லா அணியும் செய்வதுதான். ஜான்சன் அதை இழைத்து இழைத்துச் செய்வார். முதலில் அதே வரிசையில் நிறுத்தி நிஜமாகவே நாலு முறை ஓடவிடுவார், ஐந்தாவது முறை வீசுவார். எதிரணி நம்பினால்தானே ஏமாறும்? ஓட்டத்தில் நாலு கெஜமாவது கிடைத்தால்தான் நம்பும். அந்த நாலு கெஜத்தை எடுத்துக் கொடுப்பது மறுபடியும் அந்த ஐந்து பேர்தான். 2024இல் டெட்ராய்ட் அடித்தது 564 புள்ளி, நாம் 310.

இல்லை, குவார்ட்டர்பேக்தான் எல்லாம் என்பவர்கள் இந்த பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலை நினைத்துப் பாருங்கள். மஹோம்ஸுக்கு மேல் ஒரு ஆள் இன்று உண்டா? ஈகிள்ஸ் அவரை ஆறு முறை சாய்த்தது, 40-22 என்று ஜெயித்தது. அதுவும் கூடுதல் ஆளை அனுப்பாமல், முன்வரிசையை மட்டும் வைத்தே. அன்று கான்சாஸ் சிட்டிக்கு இடது டேக்கிளில் ஆள் இல்லாமல், கார்டான ஜோ தூனியை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அந்த ஜோ தூனி இப்போது நம்மிடம். கையில் நாலு சூப்பர் பவுல் மோதிரம் இருக்கிற மனிதரை, 2026 டிராஃப்ட்டின் நாலாம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு வாங்கியிருக்கிறோம். இன்னொரு கார்டு ஜோனா ஜாக்சன், ஜான்சனிடம் டெட்ராய்டில் ஆடியவர். சென்டருக்கு அட்லாண்டாவிலிருந்து ட்ரூ டால்மன். சுவரின் நடுப்பகுதியே புதுசு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நம் மேலாளர்கள் வரிசைப்படி ஒரு வேலை செய்திருக்கிறார்கள்.

ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. டிராஃப்ட்டில் பத்தாவது இடத்தில் கோல்ஸ்டன் லவ்லண்ட் என்ற டைட் எண்டை எடுத்தார்கள். நல்ல பையன், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் நானாக இருந்தால் டேக்கிள் பக்கம்தான் கண்ணை வைத்திருப்பேன். ஆஸி டிரபிலோவை இரண்டாம் சுற்றில்தான் எடுத்தார்கள். கணுக்கால் முறிந்து திரும்பும் பிராக்ஸ்டன் ஜோன்ஸா, டிரபிலோவா, வேறு யாராவதா என்று இடது டேக்கிளுக்கு இன்னும் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டிவிட்டு வாசல் கதவுக்கு மட்டும் ஆசாரியைத் தேடுகிற நிலை.

பையன் பக்கமும் தப்பு உண்டு. 68இல் எல்லாமே முன்வரிசையின் தப்பு இல்லை. வில்லியம்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பார், இன்னும் நல்ல ஆள் கிடைப்பான் என்று. கல்லூரியில் அது பலித்தது. இங்கே நாலாவது நொடியில் இடுப்பில் ஒரு ஆள் தொங்குவான். இதை ஜான்சன்தான் சொல்லித்தர வேண்டும், அவருக்கு மூன்று வருஷமாவது கொடுக்க வேண்டும். அக்டோபரில் இரண்டு ஆட்டம் தோற்றதும் பயிற்சியாளரை மாற்று என்று கத்துபவர்களில் என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கட்கிழமை இரவு, முதல் ஆட்டம். வருவது மினசோட்டா. பிரையன் ஃப்ளோரஸின் டிஃபென்ஸ், எங்கிருந்து யாரை அனுப்புவார் என்று அவர் ஆட்களுக்கே கடைசி நொடியில்தான் தெரியும் போலிருக்கும். என்னோடு பார்க்க வருபவர்கள் வரலாம், டீ உண்டு. ஆனால் பந்து எங்கே போனது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அன்று முழுக்க நான் இடது டேக்கிளின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.